பிறநாட்டு விமானிகளும் ஒரு தாள் சான்றிதழும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எமது கல்லூரி நூறு ஆண்டுகளைக் கண்டிருக்கும் இந்த வேளையில் எனக்கும் பேச ஒரு வாய்ப்புத் தந்த சங்கத்தினருக்கு நன்றி. என்ன தலைப்பில் பேசுவது என்று செயலாளரிடம் கேட்டேன். "உயர்தர வகுப்பில சில பிள்ளைகள் விமானியாக வரவேணும் என்று சொல்லுகினம். நீங்கள் விமானிகளைப் பரிசோதிக்கிற டொக்டர்தானே, அதைப் பற்றியே கதையுங்கோவன்" என்றார். எனக்கு மனம் நிறைந்தது. நாங்கள் இங்கு படித்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் வகுப்பறையை விட்டுப் பங்கருக்கு ஓடுவோம். விமானத்தை ஓட்டுவது பெண்பிள்ளைகள் ஆசைப்படக்கூடிய ஒரு தொழில் என்று எங்களில் ஒருவரும் அன்று நினைத்ததில்லை.

கடந்த பதினொரு ஆண்டுகளாக நான் வளைகுடா நாடொன்றில் விமானத்துறை மருத்துவப் பரிசோதகராகப் பணியாற்றுகிறேன். ஒரு விமானி தொடர்ந்து பறக்கத் தகுதியானவரா என்று பார்த்துச் சான்றிதழ் வழங்குவது எனது வேலை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அந்த நாட்டவர் அல்லர். பிரித்தானியர், தென்னாபிரிக்கர், இந்தியர், பாகிஸ்தானியர், பிரேசில்காரர் என்று பலரும் வருவார்கள், இடைக்கிடை எங்கள் நாட்டவரும் வருவார்கள். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் பயிற்சி பெற்று, மூன்றாவது நாட்டின் விமானத்தை ஓட்டுபவர்கள் இவர்கள். இவர்களின் வாழ்க்கையைப் பற்றியும், அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் குறிப்பிடும் எவரையும் அடையாளம் காண முடியாதபடிதான் பேசுவேன்.

முதலில், ஒரு விமான நிறுவனம் ஏன் வெளிநாட்டு விமானிகளைத் தேடுகிறது? பணம் இருந்தால் விமானத்தைச் சில ஆண்டுகளில் வாங்கிவிடலாம். ஒரு கப்டனை அப்படி உருவாக்க முடியாது. வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு ஏறத்தாழ 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் கப்டனாவதற்கான அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 1,500 மணித்தியாலம் வேண்டும். அதன் பின்னரும் பல ஆண்டுகள் துணை விமானியாக இருந்துதான் கப்டனாக முடியும். ஆகவே, வேகமாக வளரும் நிறுவனங்கள் பிற நாடுகளில் முதிர்ந்த அனுபவத்தைக் கடன் வாங்குகின்றன.

இது புதிய விடயமன்று. இரண்டாம் உலகப் போரின் பின் ஜப்பானியர் விமானம் ஓட்டுவதற்குத் தடை இருந்தது. அதனால் 1951 ஒக்டோபரில் ஜப்பான் எயார்லைன்ஸ் தன் சேவையைத் தொடங்கியபோது, விமானத்தையும் விமானிகளையும் ஓர் அமெரிக்க நிறுவனத்திடமிருந்துதான் வாடகைக்கு எடுத்தது. 1985 ஒக்டோபரில் டுபாயில் எமிரேட்ஸ் ஆரம்பமானது பாகிஸ்தான் சர்வதேச விமான நிறுவனத்திடம் குத்தகைக்குப் பெற்ற இரண்டு விமானங்களுடன். எங்கள் எயார் லங்காவும் 1979இல் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் உதவியுடன்தான் எழுந்து நின்றது. இன்று காற்று மறுபக்கம் வீசுகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் எங்கள் நாட்டு விமானிகள் பலர் வளைகுடாவுக்கும் பிற இடங்களுக்கும் சென்றதைப் பத்திரிகைகளில் நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

இவர்களுக்குச் சம்பளம் நல்லது, அதை மறைக்கத் தேவையில்லை. வளைகுடா நிறுவனங்கள் பல, சம்பளத்துடன் வீடும் பிள்ளைகளின் கல்விச் செலவும் குடும்பத்துக்கு விமானச் சீட்டும் தருகின்றன. ஆனால் இவை எல்லாம் எதில் தொங்குகின்றன என்பதைத்தான் நான் எனது அறையில் ஒவ்வொரு நாளும் காண்கிறேன்.

1944ஆம் ஆண்டு சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயத்தின் 32ஆவது உறுப்புரையின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளதோ, அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதிப்பத்திரம் அதன் விமானியிடம் இருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் பறந்த கப்டனாக இருந்தாலும், புதிய நாட்டுக்குப் போனால் அந்த நாட்டின் சட்டப் பரீட்சை, சிமியுலேட்டர் பரீட்சை, ஆங்கில மொழித் தேர்ச்சி, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் கடக்க வேண்டும்.

இந்த மருத்துவச் சான்றிதழ் ஒரே ஒரு தாள். முதலாம் வகுப்புச் சான்றிதழ் என்பார்கள். விமான நிறுவனங்களில் பறப்போருக்குப் பொதுவாக அது 12 மாதங்களுக்குச் செல்லும். 60 வயதைக் கடந்தால் 6 மாதங்களுக்கு மட்டுமே. 65 வயதுடன் சர்வதேசப் பயணிகள் சேவையில் விமானியாக இருக்க முடியாது. கண், காது, இருதயம், குருதி அமுக்கம், குருதி, சிறுநீர், நரம்புகள், மனநிலை என்று எல்லாவற்றையும் பார்ப்போம். ஒரு வைத்தியரோ ஆசிரியரோ நோயுற்றால் குணமாகும்வரை விடுப்பு எடுக்கலாம். விமானிக்கு அந்தத் தாள் இல்லாத நாளில் தொழிலே இல்லை.

சொந்த நாட்டில் இருப்பவருக்கு அப்படி நடந்தால் வீடு இருக்கும், உறவினர் இருப்பார்கள், அரசாங்கத்தின் ஏதாவதொரு பாதுகாப்பு இருக்கும். வெளிநாட்டு விமானிக்கு வேலை போனால் வதிவிட வீசாவும் போகும். வீசா போனால் வீடு போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். நாட்டை விட்டுப் புறப்படக் கிடைப்பது சில வாரங்கள் அல்லது சில மாதங்கள். அங்கு பெரும்பாலானோருக்கு ஓய்வூதியமும் இல்லை, சேவை முடிவுக் கொடுப்பனவுதான். உதாரணமாக, ஐக்கிய அரபு இராச்சியச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் கிடைக்கும். 2020இல் கொவிட் வந்தபோது, ஒரு நோயும் இல்லாத ஆயிரக்கணக்கான விமானிகளுக்கு இதே கதி ஏற்பட்டது. கனவு வேலை என்று சொல்லப்பட்டவர்கள் பிள்ளைகளின் தவணை முடியும்வரைகூடத் தங்க முடியாமல் பெட்டி கட்டியதை என் அயலிலேயே கண்டேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவ விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இன்சுலின் எடுக்கும் நீரிழிவு நோயாளிக்கு ஐக்கிய இராச்சியம் கடும் கண்காணிப்புடன் 2012 முதல் முதலாம் வகுப்புச் சான்றிதழ் வழங்குகிறது. மனச்சோர்வுக்குச் சில மருந்துகளை எடுத்துக்கொண்டு பறப்பதை அமெரிக்கா 2010 முதல் நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது, அவுஸ்திரேலியா அதற்கும் பல ஆண்டுகள் முன்பே அனுமதித்தது. வேறு சில நாடுகளில் இவை இரண்டுக்குமே இடமில்லை. ஆகவே ஒரே உடம்பு, ஒரே நோய், ஒரே மருந்து. ஒரு நாட்டில் அவர் விமானி, இன்னொரு நாட்டில் அவர் வேலையற்றவர்.

இப்பொழுது நீங்களே யோசித்துப் பாருங்கள். இப்படியான ஒருவர் என் முன்னால் அமர்ந்திருக்கிறார். "நித்திரை எப்படி? மனக்கவலை ஏதும் உண்டா?" என்று கேட்கிறேன். அவர் உண்மையைச் சொல்வாரா?

பலர் சொல்வதில்லை. இது எனது ஊகம் மட்டுமன்று. 2016இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயர் குறிப்பிடாத வினாக்கொத்து ஒன்றை விமானிகளிடம் கொடுத்தபோது, பதிலளித்த ஏறத்தாழ 1,850 பேரில் 12.6 வீதமானோருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அனுமதிப்பத்திரத்தை இழக்கும் பயத்தால் ஏதோ ஒரு விதத்தில் மருத்துவ உதவியைத் தவிர்த்ததாக விமானிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கூறினார்கள். பெயர் கேட்காதபோது பேசுகிறார்கள், பெயர் எழுதவேண்டிய படிவத்தில் "இல்லை, இல்லை, இல்லை" என்று கோடு போடுகிறார்கள்.

மறைப்பதன் விலை என்ன என்பதை உலகம் 2015 மார்ச் 24ஆம் திகதி கண்டது. ஜேர்மன்விங்ஸ் நிறுவனத்தின் துணை விமானி ஒருவர், கப்டன் வெளியே சென்ற நேரத்தில் விமானி அறையைப் பூட்டிக்கொண்டு விமானத்தைப் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவர் பல வைத்தியர்களைப் பார்த்திருந்தார், நிறுவனத்துக்கு மட்டும் சொல்லவில்லை. அந்தச் செயலை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. ஆனால் பிரெஞ்சு விசாரணைக் குழு தன் அறிக்கையில் ஒன்றைக் கவனித்துச் சொன்னது: தொழிலை இழக்கும் பயமும், வருமான இழப்பை ஈடுசெய்யப் போதிய காப்புறுதி இல்லாமையும் விமானிகளை வாய்திறக்க விடாமல் தடுக்கின்றன. சொந்த நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கே அந்தப் பயம் என்றால், வீசாவில் வாழ்பவருக்கு எவ்வளவு இருக்கும்?

மனநிலை மட்டுமன்று, களைப்பும் அப்படித்தான். ஐரோப்பிய விதிகளின்படி ஒரு விமானி ஒரு காலண்டர் ஆண்டில் 900 மணித்தியாலத்துக்கு மேல் பறக்கக்கூடாது. கேட்பதற்கு அது குறைவுபோலத் தோன்றும். ஆனால் நள்ளிரவில் புறப்பட்டு, நேர வலயங்களைக் கடந்து, காலையில் ஹோட்டலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நித்திரை தேடும் உடம்புக்கு அந்தக் கணக்கு விளங்காது. அதிகாலை இரண்டு மணி தொடக்கம் ஆறு மணிவரை மனித மூளை மிகவும் மந்தமாக இருக்கும் நேரம். இரவுக் கடமை செய்த தாதியருக்கும் வைத்தியருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

2010 மே 22ஆம் திகதி டுபாயிலிருந்து மங்களூருக்குச் சென்ற எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியளவில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் மட்டும் தப்பினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர்களும் அவர்களின் குடும்பத்தினரும். கப்டன் செர்பிய நாட்டவர், வெளிநாட்டு விமானியாக ஒப்பந்தத்தில் பணியாற்றியவர். பயணத்தின் பெரும்பகுதியில் அவர் நித்திரையில் இருந்தார் என்றும், நித்திரை கலைந்த மந்தம் அவரது முடிவைப் பாதித்திருக்கலாம் என்றும் விசாரணை கூறியது. இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்படி துணை விமானி மூன்று முறை சொன்னதும் ஒலிப்பதிவில் இருந்தது. கப்டன் கேட்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. களைத்தவர் தன் களைப்பைச் சொல்லவும், இளையவர் மூத்தவரைத் தடுக்கவும் தயங்காத ஒரு சூழல் வேண்டும் என்பதை இந்தத் துறை இப்படியான விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

அந்தச் சூழலை உருவாக்க முடியும் என்பதையும் சொல்லவேண்டும். ஜேர்மன்விங்ஸ் விபத்தின் பின் ஐரோப்பிய ஒன்றியம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. 2021 பெப்ரவரி முதல் அங்குள்ள ஒவ்வொரு விமான நிறுவனமும் விமானிகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதன் மையத்தில் இருப்பவர் வைத்தியரல்லர், பயிற்சி பெற்ற இன்னொரு விமானி. மனம் கலங்கிய ஒருவர் இரகசியமாக அழைத்துப் பேசலாம். கேட்பவர் அதே சீருடையைப் போட்டவர், அதே பயத்தை அறிந்தவர். பெரும்பாலான பிரச்சினைகள் ஆரம்பத்திலேயே பேசினால் தீரக்கூடியவை. தீராதவற்றுக்கு எந்த வைத்தியரிடம், எந்த வழியில் போகவேண்டும் என்று அவர் கைபிடித்துக் காட்டுவார்.

என்னிடம் வந்த ஒரு கப்டன் படிவத்தை நிரப்பாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "டொக்டர், இந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுதினால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. உடனடியாகப் பறக்க முடியாது, சிகிச்சை பெறவேண்டும், நிபுணர் அறிக்கை வேண்டும், சில மாதங்கள் ஆகலாம், ஆனால் திரும்பி வர வழி இருக்கிறது என்று படிப்படியாக எழுதிக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு "ஆம்" என்று எழுதினார். ஐந்து மாதங்களின் பின் மீண்டும் பறந்தார். அவரைப் பேசவைத்தது எனது மருத்துவ அறிவல்ல. முன்னர் இதே வழியால் போய்த் திரும்பி வந்த ஒரு நண்பர் அவருக்கு இருந்தார். அந்த நண்பர்தான் அவரை என்னிடம் சொல்லும்படி அனுப்பியவர். திரும்பி வராதவர்களும் உண்டு என்பதையும் இங்கு மறைக்கமாட்டேன். எல்லா நோய்க்கும் வழி இருப்பதில்லை.

இனி, விமானியாக விரும்பும் தங்கைமாருக்குச் சில விடயங்கள்.

பயிற்சிக் கட்டணமாக ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியர்களிடம் செய்யலாம். கண்ணாடி போட்டிருப்பது தடையன்று. ஆனால் நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு இருந்தால் அதை முன்னரே அறிந்துகொள்வது நல்லது. இரத்மலானையில் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. செலவு பெரிது. காணியை ஈடுவைத்துப் படிக்கும் எண்ணம் இருந்தால், முதல் வேலை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு தகைமையும் கையில் இருக்கட்டும். ஒரு பட்டமோ கணக்கியலோ பொறியியலோ எதுவானாலும் சரி. அந்தத் தாள் போகும் நாளில் அது உங்களுக்குச் சோறு போடும். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், நோயுற்றால் எத்தனை மாதம் சம்பளம், இடையில் விலகினால் பயிற்சிச் செலவு எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும், அனுமதிப்பத்திர இழப்புக் காப்புறுதி உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சொந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தைக் காலாவதியாக விடாதீர்கள்.

உலகில் விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 5 வீதந்தான். இந்தியாவில் அது 12 வீதத்துக்கும் மேல். ஆகவே எங்கள் பகுதிப் பெண்களால் முடியாது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். கர்ப்ப காலம் பற்றிப் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள், நானே சொல்கிறேன். சர்வதேச வழிகாட்டலின்படி சிக்கலற்ற கர்ப்பத்தில் 12ஆம் வாரத்தின் முடிவிலிருந்து 26ஆம் வாரம்வரை பறக்க அனுமதிக்கலாம், ஆனால் பல நிறுவனங்கள் கர்ப்பம் தெரிந்தவுடனேயே தரையில் வைத்துவிடும். அந்த மாதங்களில் சம்பளம் எப்படி என்பதையும் ஒப்பந்தத்திலேயே பாருங்கள். கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

கடைசியாக, உலகெங்கும் பரந்திருக்கும் எமது பழைய மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். நான் விமானிகளைப் பற்றிப் பேசினாலும், இந்தக் கதை உங்களில் பலருக்கு அந்நியமாக இருந்திராது. லண்டனில் வேலை வீசாவில் இருக்கும் பராமரிப்பாளரும், டோஹாவில் இருக்கும் கணக்காளரும், மெல்பேணில் கணவரின் வீசாவில் வந்த பிள்ளையும் இதே கயிற்றில்தான் நடக்கிறார்கள். வேலையிடத்தில் துன்பம், வீட்டில் துன்பம், உடம்பில் துன்பம் எது வந்தாலும், சொன்னால் இருக்கும் இடம் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது "நான் நல்லா இருக்கிறன் அம்மா" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியாது.

எங்கள் சங்கத்துக்கு வெளிநாடுகளில் கிளைகள் இருக்கின்றன. ஒன்றுகூடல், இராப்போசனம், நிதி சேகரிப்பு எல்லாம் சிறப்பாக நடக்கின்றன. இந்த நூற்றாண்டில் அவற்றுடன் இன்னும் ஒன்றைச் சேர்ப்போம். ஒவ்வொரு கிளையும், கேட்கத் தெரிந்த, கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு மூத்த பழைய மாணவிகளைத் தெரிவு செய்யட்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் அங்கு வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் முதல் கிழமையிலேயே போகட்டும். அந்நாட்டு வீசாச் சட்டம் தெரிந்த ஒருவர், வைத்தியர் ஒருவர், வேலைச் சட்டம் தெரிந்த ஒருவர் என்று எமது பழைய மாணவிகளுள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். வளைகுடாக் கிளைக்கு முதலாவது பெயராக என் பெயரைச் செயலாளரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். உங்கள் கிளைக்கு யார் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் தெரிவியுங்கள்.